வழியை அடைத்தவர்கள்

சென்ற பகுதி 1930ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் கோடையில் முடிந்தது. 21 வயது டான் பிராட்மேன் அந்த ஒரே தொடரில், 5 டெஸ்டுகளில், 974 ரன்கள் குவித்தார். சராசரி 139.14. லீட்ஸில் மட்டும் ஒரே நாளில் 309 ரன்கள். வழக்கமான பந்துவீச்சால் இவரை நிறுத்த முடியாது என்பது இங்கிலாந்துக்குத் தெளிவாகிவிட்டது. 1932 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய டக்ளஸ் ஜார்டைனின் அணி அதற்குக் கண்டுபிடித்த பதில்தான் ‘பாடிலைன்’. அச்சுறுத்தும் பந்துவீச்சைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஹெரால்ட் லார்வுட் என்ற பெயரைச் சொல்வார்கள், எகிறி வந்த பந்துகளைச் சொல்வார்கள், காட்டுமிராண்டித்தனம் என்று முடிப்பார்கள். இந்தத் தீர்ப்பில் பாதிதான் சரி. பந்து எகிறுவதும், உடம்பை நோக்கி வருவதும், அதைக் கண்டு பேட்ஸ்மேன் அஞ்சுவதும் அநீதி அல்ல. வேகப்பந்து தோன்றிய நாள்முதல் அச்சம் அதனுடைய ஆயுதம். அந்தப் பந்தை ஆட பேட்ஸ்மேனுக்கு ஒரு வழியும் மிச்சம் வைக்காதபோதுதான் அநீதி தொடங்குகிறது. அந்த வழியை அடைப்பது பெரும்பாலும் பந்தை வீசுகிற கை அல்ல. களத்தை அமைக்கும் கேப்டன், பார்த்துக்கொண்டு நிற்கும் நடுவர், தூரத்தில் உட்கார்ந்திருக்கும் வாரியம் ஆகியோர்தான் அடைக்கிறார்கள். கிரிக்கெட் சட்டம் இதை 1957இல் ஒருமுறை சரியாகப் பிடித்தது. 1991இல் கோட்டை விட்டது. இந்தப் பகுதி முழுவதும் அதைப் பற்றித்தான்.

திட்டம் உருவான விதத்திலிருந்து தொடங்கலாம். 1930இல் ஓவல் மைதானத்தில் மழைக்குப் பிறகு ஆடுகளம் உயிர்பெற்ற சிறிது நேரம், லார்வுட்டின் எகிறிய பந்துகளுக்கு பிராட்மேன் தடுமாறியதாகச் சிலர் கவனித்தார்கள். அந்த இன்னிங்ஸில் அவர் 232 எடுத்தார் என்பது வேறு விஷயம். தடுமாற்றத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. 1932 ஆகஸ்டில் லண்டன் பிக்காடிலி ஹோட்டலில் ஓர் இரவு விருந்து நடந்தது. ஜார்டைன், நாட்டிங்ஹாம்ஷயர் கேப்டன் ஆர்தர் கார், அவருடைய வேகப்பந்து வீச்சாளர்கள் லார்வுட், பில் வோஸ் ஆகிய நால்வரும் அமர்ந்து பேசினார்கள். 1911-12 தொடரில் லெக் பக்கத்தில் ஆட்களை நிறுத்தி வீசிய ஃபிராங்க் ஃபாஸ்டரிடமும் ஜார்டைன் போய், யாரை எங்கே நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டார். அவர் தேடி அலைந்தது வேகமான பந்தை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வேகம் லார்வுட்டிடம் ஏற்கெனவே இருந்தது. 1928-29இல் அதே லார்வுட் அதே ஆஸ்திரேலியாவில் அதே வேகத்தில் வீசியிருக்கிறார். பேரரசு ஒன்றும் ஆட்டம் காணவில்லை. ஜார்டைனுக்கு வேண்டியிருந்தது ஃபீல்டிங் வியூகம்.

அந்த வியூகத்தை கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். வலதுகை பேட்ஸ்மேன் நிற்கிறார். அவருடைய லெக் பக்கத்தில், கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்திலிருந்து சில அடிகள் வரை, முன்னும் பின்னுமாக நான்கைந்து பேர் அரைவட்டமாகக் குனிந்து நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் எல்லைக்கோட்டருகே இன்னும் இருவர். ஆஃப் பக்கம் ஏறக்குறைய வெட்டவெளி, ஒருவரோ இருவரோதான். பந்து பாதி ஆடுகளத்தில் குத்தி விலா எலும்புக்கும் தோளுக்கும் நடுவே வருகிறது. மட்டையை நிமிர்த்தித் தடுத்தால் பந்து கைப்பிடியில் பட்டு எழும்பி அரைவட்டத்தில் யாராவது ஒருவர் கையில் விழும். ஹூக் செய்தால் எல்லைக்கோட்டு ஆட்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள். குனியலாம் என்றால், இது தலைக்கு மேல் போகும் பந்து அல்ல. குனிந்த இடத்துக்கே வரும். லெக் பக்கம் விலகி காலியான ஆஃப் பக்கம் வெட்டலாம். அப்போது மூன்று ஸ்டம்புகளும் திறந்து கிடக்கும். மிச்சமிருப்பது ஒன்றுதான், உடம்பில் வாங்கிக்கொள்வது. அந்தக் காலத்தில் ஹெல்மெட் கிடையாது. கையுறை மெல்லியது. சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டவர்கள் உண்டு. விக்கெட்டையும் காத்து உடம்பையும் காக்கும் ஓர் ஆட்டமுறை, எவ்வளவு பெரிய மேதைக்கும், அங்கே இல்லை. பிராட்மேன் விலகி விலகி ஆஃப் பக்கம் அடித்து அந்தத் தொடரில் 396 ரன்கள் எடுத்தார், சராசரி 56.57. மற்றவர்களுக்கு இது கனவுச் சராசரி. அவருடைய 1930 தொடரின் சராசரியில் அது பாதிக்கும் கீழ். ஜார்டைனின் கணக்கு பலித்துவிட்டது.

1933 ஜனவரி 14, சனிக்கிழமை, அடிலெய்ட். மூன்றாவது டெஸ்டின் இரண்டாம் நாள். மைதானத்தில் 50,000க்கும் மேற்பட்ட கூட்டம். லார்வுட்டின் இரண்டாவது ஓவரின் கடைசிப் பந்து ஆஸ்திரேலிய கேப்டன் பில் உட்ஃபுல்லின் நெஞ்சில், இதயத்துக்கு நேரே பட்டது. மட்டையைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் தள்ளாடினார். ஜார்டைன் லார்வுட்டைப் பார்த்து, நன்றாக வீசினாய் என்றார். அது மறுமுனையில் நின்ற பிராட்மேன் காதில் விழட்டும் என்றே சொல்லப்பட்டது. இதுவரை நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அடுத்து நடந்ததை. உட்ஃபுல் அடிபட்டபோது களம் வழக்கமான முறையில்தான் அமைந்திருந்தது. இடையில் ஓர் ஓவர் போனது. லார்வுட் அடுத்த ஓவரை உட்ஃபுல்லுக்கு வீச வந்தபோது ஜார்டைன் ஆட்டத்தை நிறுத்தி ஆஃப் பக்கத்து ஆட்களையெல்லாம் லெக் பக்கம் நகர்த்தினார். நெஞ்சில் அடிபட்டு இன்னும் மூச்சு சீராகாத ஒரு மனிதரைச் சுற்றி அந்த அரைவட்டம் கூடியது. கூட்டம் கொதித்தெழுந்தது அந்த அடிக்காக மட்டும் அல்ல, இந்த நகர்வுக்காக. அன்று மாலை இங்கிலாந்து மேலாளர் பெல்ஹம் வார்னர் ஆறுதல் சொல்லப் போனபோது, களத்தில் இரண்டு அணிகள் இருக்கின்றன, ஒன்றுதான் கிரிக்கெட் ஆட முயல்கிறது என்று உட்ஃபுல் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் குறைகூறியது ஒரு பந்துவீச்சாளரை அல்ல, ஓர் அணியின் ஆட்டமுறையை.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு வலுவானது. திங்கட்கிழமை விக்கெட் கீப்பர் பெர்ட் ஓல்ட்ஃபீல்டின் மண்டை ஓட்டில் விரிசல் கண்டதும் பாடிலைன் வியூகத்தில் அல்ல. அப்போதும் களம் வழக்கமானதுதான். ஹூக் செய்யப் போய் மட்டையில் பட்டுத் திரும்பிய பந்து அவரைத் தாக்கியது. லார்வுட் மேல் தவறில்லை என்று ஓல்ட்ஃபீல்டே சொன்னார். அப்படியானால் அந்த டெஸ்டின் இரண்டு பெரிய காயங்களுக்கும் வியூகம் காரணமில்லையே, பிறகு எதற்கு அதைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். என் பதில், காயத்தை வைத்து அநீதியை அளக்கக் கூடாது என்பதுதான். காயம் நல்ல பந்திலும் வரும், பேட்ஸ்மேனின் தவறான ஆட்டத்திலும் வரும். ஓல்ட்ஃபீல்டுக்கு ஹூக் என்ற வழி திறந்திருந்தது, அதை அவர் தேர்ந்தெடுத்தார், தவறினார். வியூகத்துக்குள் நின்றவர்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. மண்டை உடைந்ததில் அநீதி இல்லாமல் இருக்கலாம். ஒரு கீறல்கூட இல்லாமல் ஷார்ட் லெக்கில் கேட்ச் கொடுத்துவிட்டுப் போனதில் அநீதி இருக்கலாம்.

இன்னொரு மறுப்பு ஆஸ்திரேலியர்களைப் பற்றியது. 1921இல் ஜாக் கிரிகோரியும் டெட் மெக்டொனால்டும் இங்கிலாந்து பேட்ஸ்மேன்களை எகிறும் பந்துகளால் கலங்கடித்தபோது சிட்னியும் மெல்போர்னும் கைதட்டின. தங்கள் முறை வந்ததும் அழுதார்கள் என்பார்கள். அவர்கள் கைதட்டியது உண்மை. ஆனால் கிரிகோரியின் ஆபத்து ஸ்லிப்பில் காத்திருந்தது. அந்தப் பந்தை விட்டுவிடலாம், அடிக்கலாம், குனியலாம். வேகத்தால் மட்டுமே வெல்ல முடியாது, அதனால்தான் வியூகம் தேவைப்பட்டது என்ற வாதத்துக்கு எதிராக இங்கிலாந்து அணிக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. கப்பி ஆலன் என்ற வேகப்பந்து வீச்சாளர், லெக் பக்க வியூகத்துக்கு வீச மாட்டேன் என்று கேப்டனின் முகத்துக்கு நேரே மறுத்தார். அவர் அந்தத் தொடரில் எடுத்தவை 21 விக்கெட்டுகள். அடிலெய்டில் மட்டும் 8. முதல் டெஸ்டில் சதமடித்த மூத்த பட்டோடி நவாபும் அந்த அரைவட்டத்தில் நிற்க மறுத்தார். இரண்டாவது டெஸ்டுக்குப் பிறகு அணியில் இடமில்லை. அமெச்சூர்களான இந்த இருவராலும் மறுக்க முடிந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, தானும் சிறுவயதில் சுரங்கத்தில் உழைத்து, சம்பளத்துக்கு ஆடிய லார்வுட்டுக்கு அந்தச் சுதந்திரம் எவ்வளவு இருந்தது என்பதை யோசிக்க வேண்டும். சிட்னியில் ஸ்டான் மெக்கேப் 187 ரன்கள் விளாசினாரே, ஆடத் தெரிந்தால் ஆடலாமே என்றும் சொல்வார்கள். அது கிரிக்கெட்டின் மகத்தான இன்னிங்ஸ்களில் ஒன்று. அந்தத் தொடரில் அவராலேயே அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை.

வாரியங்களின் நடத்தைதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். இதே பெல்ஹம் வார்னர், கப்பல் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஓவலில் பில் பௌஸ் ஆன்-சைடில் ஆட்களைக் குவித்து ஜாக் ஹாப்ஸுக்கு எகிறும் பந்துகளை வீசியதைப் பத்திரிகையில் கண்டித்து, இது கிரிக்கெட்டே அல்ல என்ற பொருளில் எழுதியவர். மேலாளராக ஆஸ்திரேலியா போனதும் வாயைத் திறக்கவில்லை. ஜனவரி 18 அன்று ஆஸ்திரேலிய வாரியம், இது விளையாட்டுப் பண்புக்கு ஒவ்வாதது, உடனே நிறுத்தாவிட்டால் இரு நாட்டு உறவே கெடும் என்று லண்டனுக்குத் தந்தி அடித்தது. இங்கிலாந்து கிரிக்கெட்டை நிர்வகித்த எம்.சி.சி., தன் கேப்டன் மேல் முழு நம்பிக்கை இருக்கிறது, வேண்டுமானால் மீதித் தொடரை ரத்து செய்துகொள்ளுங்கள் என்று பதில் அனுப்பியது. விஷயம் அமைச்சர்கள் மட்டம் வரை போனது. ஆஸ்திரேலியா தன் குற்றச்சாட்டைப் பின்வாங்கிக்கொண்டது; தொடரை இங்கிலாந்து 4-1 என்று வென்றது; லார்வுட் 33 விக்கெட்டுகள் எடுத்தார். லண்டனில் இருந்தவர்கள் ஒரு பந்தைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தது 1933 ஜூலையில், மான்செஸ்டரில். மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைனும் மேனி மார்ட்டின்டேலும் அதே வியூகத்தை இங்கிலாந்துக்கே திருப்பினார்கள். வாலி ஹாமண்டின் தாடை கிழிந்தது. ஜார்டைன் நெஞ்சு நிமிர்த்தி நின்று 127 எடுத்தார். அவருடைய ஒரே டெஸ்ட் சதம் அதுதான். தான் விதைத்ததைத் தானே தாங்கிய அந்தத் துணிவை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கேப்டனின் துணிவு ஆட்டமுறையை நியாயமாக்கிவிடாது. பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களுக்கு அன்றுதான் ஆஸ்திரேலியர்கள் எதைச் சொன்னார்கள் என்பது உறைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஜார்டைன் இந்தியாவுக்கு வந்தார். இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அது. கல்கத்தாவில் திலாவர் ஹுசேன் தலையில் அடிபட்டு வெளியேறி, கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்து 59 எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 57. 1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கம் தன் முதல் டெஸ்டை நடத்தியபோது, நோபி கிளார்க்கின் பந்து நவுமல் ஜியோமலின் கண்ணுக்கு மேலே தாக்கியது. அவரால் இரண்டாவது இன்னிங்ஸில் ஆட வர முடியவில்லை. நம் ஊர் டெஸ்ட் வரலாற்றின் தொடக்கத்திலேயே இந்த ரத்தம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து போன தந்தி லண்டனைக் கொஞ்சமாவது அசைத்தது. இங்கிருந்து தந்தி போகவில்லை. போயிருந்தாலும் அன்றைய ஆட்சியில் அதற்கு எடை இருந்திருக்காது.

சட்டம் மெல்ல நகர்ந்தது. முதலில் கௌரவ ஒப்பந்தம். அதை மீறி 1934இல் வோஸ் ஆஸ்திரேலியர்களுக்கு எதிராகப் பழைய பாணியில் வீசினார். நாட்டிங்ஹாம்ஷயர் மன்னிப்புக் கேட்டது. கேப்டன் காரின் பதவி போனது. பிறகு 1935 பருவத்திலிருந்து, பேட்ஸ்மேனைக் குறிவைத்துத் தொடர்ந்து வீசுவதைத் தடுக்கும் அதிகாரம் நடுவருக்கு வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் பந்துவீச்சாளரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை நடுவர் எப்படிப் படிப்பார்? உண்மையான தீர்வு 22 ஆண்டுகள் கழித்து, 1957இல், வேறொரு காரணமும் சேர்ந்து வந்தது. ஐம்பதுகளில் லெக் பக்கம் ஆட்களைக் குவித்துவிட்டு ரன்னே கொடுக்காமல் வீசும் மந்தமான உத்தி பரவியிருந்தது. லெக் பக்கத்தில் கிரீஸ் கோட்டுக்குப் பின்னால் இரண்டு ஃபீல்டர்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி வந்தது. பந்தின் வேகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, நோக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, பவுன்சரைப் பற்றியும் இல்லை. ஆட்களை எண்ணினால் போதும். அன்றோடு பாடிலைன் செத்தது. அந்த விதி இன்றுவரை நிற்கிறது.

அதற்குப் பிறகும் அச்சம் இருந்தது, இருக்கத்தான் செய்யும். 1974-75இல் டென்னிஸ் லில்லியும் ஜெஃப் தாம்சனும் இங்கிலாந்தைச் சிதறடித்தார்கள். கை எலும்புகள் முறிந்து ஆள் போதாமல் போக, 42ஐ நெருங்கிக்கொண்டிருந்த காலின் கவுட்ரியை அவசரமாக வரவழைத்தார்கள். தாம்சன் 33 விக்கெட்டுகள், லார்வுட்டின் அதே எண்ணிக்கை. 1975 உலகக் கோப்பையில், டெஸ்ட் தகுதிகூட இன்னும் பெறாத இலங்கை அணி ஓவலில் ஆஸ்திரேலியாவின் 328ஐத் துரத்தியது. தாம்சனின் பந்து துலீப் மெண்டிஸின் தலையில் பட்டது. சுனில் வெத்தமுனியின் காலை நசுக்கியது. இருவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அப்படியும் இலங்கை 276 எடுத்தது, 4 விக்கெட்டுகளை மட்டுமே இழந்து. வெத்தமுனி 53, டிசேரா 52, தென்னக்கோன் 48 என்று ஆடி முடித்த அந்த ஸ்கோர்கார்டு, பயத்தோடு ஆட வழி இருந்தது என்பதற்குச் சான்று. கொடூரமான பந்துவீச்சுதான். ஆனாலும் அதை நான் அநீதி என்று சொல்ல மாட்டேன்.

1976 கிங்ஸ்டன் அப்படி அல்ல. அந்த ஏப்ரலில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கவாஸ்கர், விஸ்வநாத் இருவரும் சதமடிக்க, இந்தியா 403 என்ற இலக்கை 406-4 என்று எட்டி உலகத்தை வியக்க வைத்தது. மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை நம்பி டிக்ளேர் செய்திருந்த மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன் கிளைவ் லாயிடுக்கு அது பேரவமானம். சில மாதங்கள் முன்புதான் அவர் அணி ஆஸ்திரேலியாவில் 5-1 என்று நொறுங்கியிருந்தது. அடுத்த டெஸ்டுக்கு, கிங்ஸ்டனின் சபைனா பார்க் மைதானத்துக்கு, ஹோல்டிங், டேனியல், ஹோல்டர், ஜூலியன் என்று நான்கு வேகங்களோடு வந்தார். தொடக்க ஜோடி 136 எடுத்தது, கவாஸ்கர் 66. இரண்டாம் நாள் மைக்கேல் ஹோல்டிங் புதுப் பந்தோடு வந்தபோது ஆடுகளம் எங்கு எகிறும், எங்கு அடங்கும் என்றே தெரியவில்லை. விக்கெட்டைச் சுற்றி வந்து, கோணத்தை உடம்புக்கு நேராக வைத்து வீசினார்கள். குத்தாமல் நேரே மார்புக்கும் முகத்துக்கும் வரும் பீமர்களும் வந்தன. ஒரே பந்து விஸ்வநாத்தின் விரலை உடைத்து அவரை கேட்ச் ஆகவும் வைத்தது. அன்ஷுமான் கெய்க்வாட் முந்தின நாளிலிருந்து அசையாமல் நின்று 81 எடுத்திருந்தார். இடது காதருகே அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். பிரிஜேஷ் பட்டேலின் வாயில் தையல். பிஷன் சிங் பேடி 306-6 என்ற நிலையில் டிக்ளேர் செய்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 97 ரன்களில் ஐந்து விக்கெட்டுகள் விழுந்தன. ஆட்டமிழந்தவர்களில் சென்னையின் வெங்கட்ராகவனும் ஒருவர். மற்ற ஐவர் ஆட வரவே இல்லை. மூவர் பேட்டிங்கில் அடிபட்டவர்கள். பேடி, சந்திரசேகர் இருவரும் ஃபீல்டிங்கில் கையைக் காயப்படுத்திக்கொண்டவர்கள். ஐந்து பெயர்களுக்கு எதிரே ‘காயத்தால் ஆடவில்லை’ என்று எழுதிய ஸ்கோர்கார்டு அது.

இங்கே நான்கைந்து பேர் அரைவட்டம் இல்லை. 1957 விதி அதைத் தடுத்திருந்தது. அப்படியும் நான் இதை அநீதி என்கிறேன். பீமரை ஆட ஒரு முறையும் இல்லை. பார்வைக்குக் கிடைக்கும் நேரமே அதில் பறிபோகிறது. அதைவிட முக்கியமாக, தடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்தது, நடுவர்கள் அதை எடுக்கவில்லை. பந்துவீச்சாளர் எல்லை மீறும்போது பேட்ஸ்மேனுக்கு மிச்சமிருக்கும் கடைசி வழி நடுவர். அதுவும் அன்று அடைபட்டது. கவாஸ்கர் தன் சுயசரிதையில் அந்த நாளைக் காட்டுமிராண்டித்தனம் என்றே எழுதினார். அதற்காகச் சிலர் அவரை இன்றும் குறைசொல்கிறார்கள். அவர் சொன்னது சரி. அதே ஆண்டு ஜூலையில் ஓல்ட் டிராஃபோர்டில், 45 வயது பிரயன் குளோஸும் 39 வயது ஜான் எட்ரிச்சும் ஒரு சனிக்கிழமை மாலை ஹோல்டிங், ராபர்ட்ஸ், டேனியல் மூவரிடமும் வாங்கிய அடிகள் கிங்ஸ்டனுக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் அங்கே நடுவர் பில் ஆலி ஹோல்டிங்கை எச்சரித்தார். பையன்கள் நிதானம் இழந்துவிட்டார்கள் என்ற பொருளில் லாயிடே பின்னர் ஒப்புக்கொண்டார். சட்டம் கொஞ்சம் தாமதமாக என்றாலும் வாய் திறந்தது.

இங்கே நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எண்பதுகளின் மேற்கிந்திய வேகத்தை மொத்தமாகக் கிங்ஸ்டனோடு சேர்த்துக் கட்டி, முரட்டுத்தனம் என்று எழுதியவர்கள் நிறைய. அது அநியாயம். மார்ஷலும் கார்னரும் ஹோல்டிங்கும் வீசிய பந்துகளில் பெரும்பாலானவை ஸ்டம்பையோ மட்டையின் விளிம்பையோ தேடி வந்தவை. அவர்களுக்கு எதிராக வழி இருந்தது என்பதை நம்மவர்களே காட்டினார்கள். 1983இல் மொகிந்தர் அமர்நாத் மேற்கிந்தியத் தீவுகளில் 5 டெஸ்டுகளில் 598 ரன்கள் எடுத்தார். பார்படாஸில் வாயில் அடிபட்டு, தையல் போட்டுக்கொண்டு வந்து மறுபடி ஹூக் அடித்தார். அதே ஆண்டு டெல்லியில் கவாஸ்கர் மார்ஷலை ஹூக்கும் புல்லுமாக விளாசி 121 எடுத்தார். லில்லியும் தாம்சனும் இதையே செய்தபோது வீரம் என்று எழுதிய பேனாக்கள், கறுப்பின வீரர்கள் நால்வர் வரிசையாகச் செய்தபோது பயங்கரம் என்று எழுதின. அதில் நிறவெறியின் வாடை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

1991இல் ஐ.சி.சி. கொண்டுவந்த விதி அந்தச் சூழலில் பிறந்ததுதான். ஓர் ஓவரில் ஒரு பேட்ஸ்மேனுக்கு ஒரு பவுன்சர் மட்டுமே. 1994இல் அதை ஓவருக்கு இரண்டு என்று மாற்றினார்கள். பவுன்சர் என்றால், நிமிர்ந்து நிற்கும் பேட்ஸ்மேனின் தோளுக்கு மேலே போகும் பந்து. இப்போது ஜார்டைனின் அடிலெய்டுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். விலாவுக்கும் நெஞ்சுக்கும் வந்த பந்துகள் தோளுக்குக் கீழே. உட்ஃபுல்லின் இதயத்துக்கு நேரே பட்ட பந்து இந்த விதிப்படி பவுன்சரே அல்ல. பாடிலைனின் பெரும்பகுதியை 1991 விதி அப்படியே அனுமதித்திருக்கும். 1957 விதி அதை முதல் பந்திலேயே நிறுத்தியிருக்கும். பவுன்சர் எண்ணிக்கை விதி பிடிப்பது அச்சத்தை, அநீதியை அல்ல. குனிந்து விட்டுவிடக்கூடிய, அடிக்கக்கூடிய, ஒரு நல்ல ஹூக் ஆட்டக்காரர் ஆசையோடு காத்திருக்கிற பந்தை அது ரேஷன் முறையில் தருகிறது. பவுன்சர் பங்கு தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் பேட்ஸ்மேன் தயங்காமல் முன்காலில் வந்து நிற்கலாம். பந்துவீச்சாளரின் கையிலிருந்து சந்தேகம் என்ற கருவி பறிக்கப்படுகிறது.

பிலிப் ஹியூஸை மறந்துவிட்டீர்களா என்ற கேள்வி இங்கே எழும், எழ வேண்டும். 2014 நவம்பர் 25 அன்று சிட்னியில் உள்நாட்டுப் போட்டியொன்றில் 63 ரன்களோடு ஆடிக்கொண்டிருந்தவர் ஒரு பவுன்சரை அடிக்கப் போய்க் கழுத்தில் அடிபட்டார். இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. 25 வயது. அந்த மரணத்துக்குப் பிறகு பவுன்சரை நியாயப்படுத்த யாருக்கும் நா எழாது என்று சொல்பவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பந்து சட்டப்படி வீசப்பட்டது, அதை ஆட வழி இருந்தது, அவர் ஆடத்தான் முயன்றார். விசாரணை நடத்திய நீதிமன்றமும் யார் மீதும் குற்றம் காணவில்லை. ஆபத்து வேறு, அநீதி வேறு. ஆபத்துக்கு மருந்து கழுத்துக் காப்பு வைத்த ஹெல்மெட், மூளை அதிர்ச்சிக்குள்ளானவருக்கு மாற்று வீரர், களத்திலேயே மருத்துவர். 2019இல் மாற்று வீரர் விதி சர்வதேசப் போட்டிகளுக்கும் வந்தது நல்ல முன்னேற்றம். மட்டை பிடிக்கத் தெரியாத கடைசி ஆட்டக்காரருக்கு வீசும்போது அவருடைய திறமையையும் நடுவர் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இன்றைய சட்டம் சொல்வதும் சரியே. 1975இல் ஆக்லாந்தில் நியூசிலாந்தின் 11ஆவது ஆட்டக்காரர் யூவன் சாட்ஃபீல்டின் இதயம் ஒரு பவுன்சரால் நின்றுபோய், இங்கிலாந்து அணியின் பிசியோ பெர்னார்ட் தாமஸ்தான் களத்திலேயே அதைத் திரும்ப ஓடவைத்தார். சாட்ஃபீல்டைப் போன்றவருக்கு ஆட வழி இருக்கிறது என்று சொல்வது பொய்.

கடைசியாக, யார் விலை கொடுத்தார்கள் என்பது. பாடிலைனுக்குப் பிறகு ஜார்டைனிடம் யாரும் மன்னிப்புக் கடிதம் கேட்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகவும் இந்தியாவிலும் அவரே கேப்டன். தன் விருப்பத்தில் விலகிக்கொண்டார். வார்னருக்குப் பின்னாளில் சர் பட்டம் கிடைத்தது. லார்வுட்டை மட்டும் 1934இல் அழைத்து, ஆஸ்திரேலியாவில் வீசியதற்கு எம்.சி.சி.யிடம் மன்னிப்புக் கேள் என்றார்கள். கேப்டன் சொன்னதைத்தான் செய்தேன், கேட்க மாட்டேன் என்றார். 28 வயதில், 21 டெஸ்டுகளில் 78 விக்கெட்டுகளோடு, அவருடைய சர்வதேச வாழ்க்கை முடிந்தது. 1950இல் அவர் குடும்பத்தோடு குடியேறியது, அவரைப் பார்த்துக் கொதித்தெழுந்த அதே ஆஸ்திரேலியாவில். அந்த நாட்டுக் கூட்டம் அவரை வரவேற்றது. எதிரி யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தொடரைப் படிக்கும் இளைஞர்கள் இனி பாடிலைன் என்று சொல்லும்போது முதலில் ஜார்டைன் பெயரையும், அடுத்து எம்.சி.சி.யின் பெயரையும் சொல்லுங்கள். லார்வுட் அதற்குப் பிறகு வரட்டும். அடுத்த பகுதியில், கெர்ரி பேக்கரின் இரவு ஆட்டங்களும், டென்னிஸ் அமிஸ் தலையில் மாட்டிக்கொண்டு வந்த அந்த முதல் ஹெல்மெட்டும்.